அப்பா, போலீஸ் இல்லே... போலாம்!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கறி வாங்கப் புறப்பட்டேன். ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் என் வாரிசு நிற்கிறான். வயசு 6. அசோக் பில்லரில் சிவப்பு விளக்கு. ரோட்டில் ஈ, காக்காய் இல்லை. இருந்தாலும் அன்றைக்கு என்னவோ நல்ல பிள்ளையாகக் காலை ஊன்றி நின்றேன். பயல் கழுத்தை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ரகசியக் குரலில், ''அப்பா, போலீஸ் மாமா இல்லே... போலாம்!'' என்றான்.

சிரித்துவிட்டேன். கறிக்கடையில் நிற்கும்போதுதான் வயிற்றைக் கலக்கியது. சத்தியமாக நான் சொல்லிக் கொடுக்கவில்லை சார். செய்து காட்டியிருக்கிறேன்!

என் அப்பா பஜாஜ் ஸ்கூட்டர் காலத்து ஆசாமி. இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்துவிடுவார். பெட்ரோல் மிச்சமாம். (நான் பி.காம். படித்ததற்கு வித்து அங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.) ஹெல்மெட் ஸ்டெப்னி மேல் தொங்கும். தூரத்தில் வெள்ளைச் சட்டை போலீஸ் தெரிந்தால் தலைக்கு ஏறும். அது மண்டைக்காக இல்லை, போலீசுக்காக என்று எனக்குள் பதிந்தது அப்படித்தான்.

ஆபீசில் பக்கத்து சீட் நண்பர் வேறு ரகம். அவருடைய அப்பா லாரி டிரைவர். ''லாரிக்கு இடதுபக்கம் நீ வர்றது டிரைவர் கண்ணுக்குத் தெரியாதுடா'' என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாராம். 28 வயசாகியும் மனுஷர் எந்த லாரியையும் இடதுபக்கமாக முந்தமாட்டார். அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் எனக்குக் கொட்டாவி வரும். 'மாட்டு வண்டி' என்று பட்டப்பெயரே வைத்தோம். அதற்கும் சிரிப்பார், வேகம் மட்டும் ஏறாது.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது அப்பன்மாரையும் சேர்த்துப் பிடித்தார்கள். 18 நிரம்பாத பையன் வண்டி ஓட்டி மாட்டினால், பெற்றவரோ வண்டிக்காரரோ 3 வருஷம் வரை உள்ளே போகலாம். 25,000 ரூபாய் அபராதம் தனி. பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. 'எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்' என்றால், அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும்!

போன ஞாயிறு பயலுக்கும் ஒரு குட்டி ஹெல்மெட் மாட்டினேன். (4 வயசுக்கு மேல் கட்டாயம். 2 வருஷம் லேட்!) அதே சிக்னல், அதே சிவப்பு. நின்றேன். பயல் சுற்றும்முற்றும் தேடினான்.

''அப்பா, இன்னிக்கு போலீஸ் எங்கே ஒளிஞ்சிருக்கு?''