மருத்துவமனைக்குப் பணம் எந்த முறையில் செல்கிறது? நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

ஒரே அறுவை சிகிச்சைக்கு இரண்டு மருத்துவமனைகள் வெவ்வேறு தொகையைக் கேட்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அறை வாடகையும் கருவிகளின் விலையும் அதற்குக் காரணங்கள். மருத்துவமனைக்குப் பணம் எந்த அடிப்படையில் வழங்கப்படுகிறது என்பதும் ஒரு முக்கியக் காரணம். அந்த அடிப்படையைப் பொறுத்தே நீங்கள் கவனிக்க வேண்டியவையும் மாறுகின்றன.

நமக்குப் பழக்கமானது சேவைவாரிக் கட்டணம். ஒவ்வொரு பரிசோதனைக்கும், மருத்துவர் வருகைக்கும், படுக்கை நாளுக்கும் தனித்தனியே தொகை எழுதப்படும். சேவை கூடினால் வருவாய் கூடும் என்பதால், தேவையற்ற பரிசோதனைகளுக்கு இம்முறை இடமளிக்கிறது. எனவே பரிசோதனைக்கு முன் அதன் தேவையைக் கேளுங்கள். விவரப் பட்டியலுடன் கூடிய இரசீதைப் பெறுங்கள்.

இதற்கு மாற்றாக அமைந்தது தொகுப்புக் கட்டணம். தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இம்முறையைப் பின்பற்றுபவை. பின்னது 2018இல் மத்திய அரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்குள் உள்ள குடும்பங்கள், ஆண்டுக்கு ரூ.5 இலட்சம் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டுள்ளது. பரிசோதனை, மருந்து, படுக்கை, உணவு அனைத்தும் அதற்குள் அடங்கும்.

ஆயின் இங்கு ஆபத்து எதிர்த்திசையில் உள்ளது. தொகை மாறாது என்பதால், செலவைக் குறைக்கும் மருத்துவமனைக்கே மிச்சம் கிடைக்கும். உரிய நாளுக்கு முன்பே வீட்டிற்கு அனுப்புவது, "இந்த மருந்தை மட்டும் வெளியில் வாங்கி வாருங்கள்" என்பது, "காப்பீடு போதாது, மீதியைக் கட்டுங்கள்" என்பது ஆகியவை இதன் வெளிப்பாடுகள். முன் அனுமதி பெற்ற சிகிச்சைக்குக் கூடுதல் தொகை கேட்கப்பட்டால், எதற்கென எழுத்தில் தருமாறு கேளுங்கள். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993இல், இயன்றவரை மருத்துவமனையை விட்டு வெளியேறும் முன்பே, புகார் தெரிவியுங்கள். பணம் செலுத்தியிருந்தால் இரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கே உதவும். மாதந்தோறும் வாங்கும் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் அதில் வாரா. அதற்குரிய வழி வேறு: அரசே மொத்தமாக மருந்து வாங்கி இலவசமாக வழங்குவது. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அப்பணியைச் செய்கிறது; 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அம்மருந்துகளை இல்லத்திற்கே கொண்டுவருகிறது. நாட்பட்ட நோயாளி உள்ள குடும்பத்திற்குக் காப்பீட்டு அட்டையைவிட இதுவே அன்றாடம் பயன்படும்.

தாய்லாந்து 2002இல் மற்றொரு வழியைத் தேர்ந்தது. புறநோயாளிச் சிகிச்சைக்கு, பதிவுசெய்த மக்களின் எண்ணிக்கைப்படி ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என மருத்துவமனைக்குத் தொகை வழங்கப்பட்டது. நோயாளி ஒரு வருகைக்குச் செலுத்தியது 30 பாட் மட்டுமே. மக்கள் நலமாக இருப்பது மருத்துவமனைக்கும் ஆதாயம் என்பது இம்முறையின் சிறப்பு. செலவுமிக்க சிகிச்சையைத் தவிர்க்கத் தூண்டக்கூடும் என்பது குறை.

தனியார் காப்பீடு வைத்திருப்போர் அறை வாடகை வரம்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பலர் ஏமாற்றமடைவது இங்கேதான். வரம்பு நாளொன்றுக்கு ரூ.5,000 என்றிருக்க, நீங்கள் ரூ.10,000 அறையைத் தேர்ந்தால், வாடகை வேறுபாட்டோடு செலவு நிற்காது. பாலிசியில் விகிதக் குறைப்பு விதி இருந்தால், அறுவை மருத்துவர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் குறைக்கப்படும், ரூ.80,000 கட்டணத்தில் ரூ.40,000 உங்கள் பொறுப்பாகலாம். மருந்து, உட்பொருத்தும் கருவி, பரிசோதனைக் கட்டணங்களுக்கு இக்குறைப்பு பொருந்தாது. அவற்றிலும் கழித்திருந்தால் கேள்வி எழுப்புங்கள்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துமூலம் முறையிடுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. மறுப்புக் கடிதம், பாலிசி நகல், மருத்துவமனை இரசீதுகள், வெளியேற்றச் சுருக்கம் ஆகியவற்றை உடன் வைத்திருங்கள்.