சலங்கை ஒலி பிந்துவது ஏன்?

பள்ளியின் பொங்கல் விழா நடனத்தை நீங்களும் இரு நண்பர்களும் மூன்று கைப்பேசிகளில் பதிவு செய்கிறீர்கள். மறுநாள் கணினியில் மூன்றையும் இணைத்துப் பார்த்தால், தொடக்கத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஐந்தாம் நிமிடத்தில் ஆடுபவரின் கால் தரையில் பட்டு, ஒரு கணம் கழித்துச் சலங்கை ஒலிக்கிறது. சில காட்சிகளில் கைகள் விட்டுவிட்டு அசைகின்றன. கைப்பேசி பழுதில்லை. நடனத்தை மறுபடியும் ஆடச் சொல்லவும் முடியாது. கோளாறு எங்கே?

காணொளி என்பது அசையாப் படங்களின் வரிசை. அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு ‘ஃபிரேம்’. ஒரு விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதே ஃபிரேம் வேகம். உலகம் முழுவதற்கும் ஒரே எண் இருந்திருந்தால் நமக்கு இந்தத் தலைவலியே இல்லை! 1920களின் இறுதியில் பேசும் படங்கள் வந்தபோது, ஒலிக்குச் சீரான வேகம் தேவைப்பட்டதால் திரைப்படத்துக்கு 24 என்ற எண் நிலைத்தது. தொலைக்காட்சியோ மின்சாரத்தைப் பின்பற்றியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதில் பாதியான 25 இங்கே தொலைக்காட்சியின் எண் ஆனது. அமெரிக்காவில் 60 சுழற்சி என்பதால் 30. அங்கே 1953இல் வண்ண ஒளிபரப்புக்குத் தரம் வகுத்தபோது, அது 29.97 என்ற விசித்திர எண்ணாக மாறியது. கைப்பேசிகள் பெரும்பாலும் 30 அல்லது 60இல் பதிவு செய்கின்றன.

இப்போது கொஞ்சம் கணக்கு. உங்கள் தொகுப்பின் வேகம் 30 என்று வைத்துக்கொள்வோம். 60இல் எடுத்த காட்சியில் ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கினால் போதும். அசைவு சீராகவே இருக்கும். 24இல் எடுத்ததை 30 ஆக்க, ஒவ்வொரு நான்கு ஃபிரேமிலும் ஒன்றை இரண்டு முறை காட்ட வேண்டும். அதாவது விநாடிக்கு ஆறு இடத்தில் அசைவு ஒரு நொடிப்பொழுது நின்று நகரும். கைகள் விட்டுவிட்டு அசைந்தது இதனால்தான்.

சலங்கைப் பிரச்சினை வேறு. பல கைப்பேசிகள் வேகத்தை நிலையாக வைத்திருப்பதில்லை. மேடை விளக்கு மங்கினால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் ஒளி கிடைப்பதற்காக 30இலிருந்து 24க்கு இறங்கிவிடும். அப்படிப் பத்து விநாடி எடுத்தால் 240 ஃபிரேம்கள். ஒவ்வொன்றும் எடுக்கப்பட்ட நேரமும் கோப்பில் குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பைச் சரியாகப் படிக்காத தொகுப்பு மென்பொருள், எல்லாம் 30 என்றே எண்ணி 240ஐ எட்டு விநாடியில் ஓட்டிவிடும். ஒலி மட்டும் பத்து விநாடி ஓடும். படம் முந்தும், சலங்கை பிந்தும். மங்கலான இடங்கள் சில விநாடிகளே இருந்தாலும், பிழை சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போகும்.

ஆகவே படம் எடுக்கும் முன்பே மூவரும் ஒரே எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஐஃபோனில் ‘ஆட்டோ எஃப்பிஎஸ்’ அமைப்பை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால், தொகுக்கத் தொடங்கும் முன் ‘ஹேண்ட்பிரேக்’ என்னும் இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, 30 என்ற எண்ணையும் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதையும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். அது நேரக் குறிப்பைப் பார்த்து, குறைகிற இடத்தில் ஃபிரேமை இரட்டித்து, வேகத்தை நிலையாக்கும். பாதி வெட்டி ஒட்டிய பிறகு இதைச் செய்தால் வேலை இரட்டிப்பாகும். சில மென்பொருள்களில் தொகுப்பின் வேகத்தை இடையில் மாற்றவே முடியாது.

60இல் எடுத்த காட்சியை மட்டும் அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். அதன் எல்லா ஃபிரேம்களையும் 30இல் ஓட்டினால், சுழலும் பாவாடை பாதி வேகத்தில், தடுக்கலின்றி விரியும். விழாக் காணொளிக்கு அதைவிட அழகான காட்சி கிடைக்காது.

மாற்றி முடித்ததும் அசல் கோப்பை அழிக்க வேண்டாம். புதிய கோப்பின் தொடக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், நேரே கடைசி நிமிடத்துக்குப் போங்கள். கடைசி அடவில் காலும் சலங்கையும் சேர்ந்தே விழுகின்றனவா என்று பாருங்கள்.