வயலில் அளவெடுக்க ஆள் வந்தால் என்ன செய்வது? குடவாசல் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

வயலோரமாக ஜீப்பை நிறுத்தி யாராவது அளவெடுத்தால், ‘மறுபடியும் மீத்தேனா?’ என்ற பயம் நம் பகுதியில் உடனே வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. 2010-ல் மத்திய அரசு ஒதுக்கிய மன்னார்குடி மீத்தேன் திட்டப் பகுதி 691 சதுர கிலோமீட்டர். குடவாசல், வலங்கைமான், நீடாமங்கலம் வட்டங்களின் கிராமங்களும் அதில் இருந்தன. 2011 ஜனவரியில் மாநில அரசும் ஒப்பந்தம் போட்டது.

விவசாயிகள் ஏன் எதிர்த்தார்கள்?

பூமிக்கடியில் நிலக்கரிப் படிவத்தில் உள்ள மீத்தேனை, அங்குள்ள நீரின் அழுத்தம் பிடித்து வைத்திருக்கிறது. வாயு வெளியே வர, முதலில் அந்த நீரை இறைக்க வேண்டும். அப்படி இறைத்தால் போர் தண்ணீர் கீழே போய்விடும், கடல்நீர் உள்ளே ஏறும், வெளியேற்றும் உப்புநீர் வயலைக் கெடுக்கும் என்று விவசாயிகள் அஞ்சினார்கள். நம்மாழ்வார் தம் கடைசி நாட்களில் ஊர் ஊராகப் போய் இதைத்தான் எடுத்துச் சொன்னார். 2013-ல் திட்டத்தை நிறுத்திவைத்த தமிழக அரசு, நிபுணர் குழு அமைத்தது. 2015 அக்டோபரில் டெல்டாவில் மீத்தேன் எடுக்கத் தடை வந்தது.

இப்போது என்ன பாதுகாப்பு?

2020 ஜனவரியில், எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று மத்திய அரசு விதியை மாற்றியது. அடுத்த மாதமே, பிப்ரவரி 20-ல், பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தமிழக சட்டசபையில் நிறைவேறியது. திருவாரூர் மாவட்டம் முழுவதும் இதில் அடங்கும், குடவாசலும் சேர்த்துத்தான். எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு எடுக்கப் புதிதாகக் கிணறு தோண்ட முடியாது. செம்பு, அலுமினிய உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவையும் வர முடியாது.

எங்கே ஓட்டை?

சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை இது தடுக்காது. குழாய், சாலை, மின்பாதை போன்ற பணிகளுக்கும் விலக்கு உண்டு. சட்டம் இருந்தும், 2023-ல் ஒரத்தநாடு வட்டம் வடசேரி நிலக்கரிப் பகுதியை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தது. விவசாயிகளும் மாநில அரசும் எதிர்த்த பிறகே ஏப்ரலில் நீக்கியது. 2025 செப்டம்பரில் யுரேனியம் உள்ளிட்ட அணுக் கனிமச் சுரங்கங்களுக்கும் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஆகவே, நம்மைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று காத்திருக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. அளவெடுக்க வருபவரிடம் எந்தத் திட்டம், எந்த அரசாணை என்று கேட்டு நகல் வாங்குங்கள். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

2. எண்ணெய், எரிவாயுக் குழாய் பதிக்க 1962-ம் வருடச் சட்டப்படி அறிவிக்கை வந்தால், அந்தத் தேதியிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபனையை எழுதிக் கொடுக்க வேண்டும். நேரிலும் விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

3. குழாய் பதித்த இடத்தில் வழக்கம்போல் நடவு செய்யலாம். கிணறு வெட்டவோ, மரம் வைக்கவோ, கட்டடம் கட்டவோ முடியாது. இதற்கு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் இழப்பீடு. பயிர்ச் சேதத்துக்குத் தனியாகக் கேட்க வேண்டும். தொகை போதாவிட்டால் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம்.

4. பட்டா, சிட்டா, அந்தப் போகத்துக்கான அடங்கல் மூன்றையும் கையில் வைத்திருங்கள். அடங்கலில் பயிர் ஏறவில்லை என்றால், வயலில் நின்ற பயிருக்கு இழப்பீடு கேட்பது கஷ்டம். குத்தகை விவசாயிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

5. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். உங்கள் ஆட்சேபனையைத் தீர்மானமாகப் பதிவு செய்து நகல் வாங்குங்கள்.

21 நாள் என்பது நாற்று விட்டுப் பறிக்கும் காலம்கூட இல்லை. அறிவிக்கை கையில் கிடைத்த அன்றே வேலையை ஆரம்பியுங்கள்.