பழைய மோட்டார் சைக்கிள் யந்திர மூடிகளில் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் முறை

வயலுக்கும் சந்தைக்கும் தாலுகா ஆபீசுக்கும் சென்று வருவதற்குப் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளையே நம்பியிருக்கும் விவசாயிகளும் கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்களும் பலர் உளர். 1955 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட கம்பெனி செய்து வந்த இவ்வண்டியின் வார்ப்பிரும்புச் சிலிண்டர் யந்திரம் 70 மில்லிமீட்டர் குறுக்களவும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் உடையது. கன அளவு 346 சி.சி. உழைப்புக்குப் பெயர் பெற்ற இவ்வண்டி நின்ற இடத்திலெல்லாம் எண்ணெய் சொட்டுவது இயல்பே என்று கருதிப் பலர் வாளாவிருக்கின்றனர். இது தவறு.

நிமிடத்திற்கு ஒரு துளி வீதம் எண்ணெய் ஒழுகுவதாக வைத்துக்கொள்வோம். முப்பது துளி ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், ஒரு நாளில் 48 மில்லிலிட்டரும் முப்பது நாட்களில் 1,440 மில்லிலிட்டரும் வீணாகும். இவ்வண்டியின் எண்ணெய்த் தொட்டி கொள்வதோ ஏறக்குறைய 2¼ லிட்டர். அளவைப் பாராமல் ஒரு மாதம் ஓட்டினால் தொட்டியில் பாதிக்கு மேல் போய்விடும் என்பது இதனால் விளங்கும்.

கசிவின் காரணங்கள்

பிஸ்டன் கீழிறங்கும்போது அதன் அடியிலுள்ள காற்று நெருக்குண்டு வெளியேற வழி தேடுகிறது. அதற்காகவே பிரீதர் குழாய் அமைக்கப்பட்டுள்ளது. காற்றை வெளியே விட்டு, உள்ளே புகாமல் தடுக்கும் ஒருவழி அடைப்பும் அதில் உண்டு. குழாய் அழுக்கடைந்தாலும் அடைப்பு கெட்டாலும், உள்ளே அழுத்தம் மிகுந்து, நல்ல மூடியின் ஓரத்தையும் பிளந்துகொண்டு எண்ணெய் வெளிப்படும். ஆகையால் மூடியைக் கழற்றுமுன் பிரீதரைச் சோதிப்பதே முதல் வேலையாகும். வண்டி பல நாள் நின்றால் தொட்டி எண்ணெய் மெல்லக் கிராங்க் கேஸில் இறங்கி, யந்திரத்தைக் கிளப்பியவுடன் பிரீதர் வழியே பீறிடுவதுண்டு. இதனை மூடிக் கசிவு என மயங்கலாகாது.

மூடியின் முகம் கோணியிருத்தல், பழைய பேக்கிங் துணுக்குகள் ஒட்டியிருத்தல், திருகாணிகளை அளவுக்கு மீறி முறுக்குதல் ஆகியவை ஏனைய காரணங்கள்.

இடத்தைக் கண்டறிதல்

ஓடும் வண்டியில் எண்ணெய் காற்றினால் பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கீழே வழியும். எனவே சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. யந்திரத்தின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயால் கழுவி நன்கு துடைத்து, சீமைச் சுண்ணாம்புப் பொடியைத் தூவிச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால், முதலில் நனைந்து கறுக்கும் இடமே கசிவின் ஊற்று.

கழற்றுதலும் முகத்தைச் செப்பனிடுதலும்

எண்ணெயை வடித்தபின், திருகாணிகளைக் கழற்றுந்தோறும், மூடியின் உருவம் வரைந்த அட்டையில் அததற்குரிய இடத்தில் குத்தி வைக்க வேண்டும். நீளமான ஆணி குட்டையானதன் துளையில் ஏறினால் அடியில் முட்டி நிற்கும். இறுகியது போலத் தோன்றினும் மூடி அழுந்தாது. மூடி வர மறுத்தால் கொட்டாப்புளியால் ஓரங்களில் மெல்லத் தட்ட வேண்டும். இடுக்கில் திருப்புளியை விட்டு நெம்புவது கூடவே கூடாது. அலுமினியம் மிருதுவான உலோகமாதலால், அவ்வாறு விழும் ஒரு வடு நிரந்தரக் கசிவுக்கு வழியாகும்.

பழைய பேக்கிங்கை மரச் சீவலால் சுரண்டி எடுக்க வேண்டும். பின்னர்க் கனமான சமதளக் கண்ணாடியின் மீது நுண்ணிய எமரித் தாளை விரித்து, சில துளி மண்ணெண்ணெய் விட்டு, மூடியின் முகத்தை வைத்து வட்டமாகத் தேய்த்தால் மேடு பள்ளம் தெரியும். முகம் முழுதும் ஒரே நிறம் வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். உட்பாகங்கள் முகத்தைத் தாண்டி நீண்டிருக்கும் மூடியை இவ்வாறு தேய்க்க இயலாது. அதற்குத் தட்டையான எண்ணெய்க் கல்லைப் பயன்படுத்தலாம். தேய்த்த பொடி சிறிதும் தங்காவண்ணம் கழுவுதல் மிக அவசியம்.

வலப்புற மூடியில் தனிக் கவனம்

டைமிங் கவர் எனப்படும் வலப்புற மூடி வெறும் மூடியன்று. எண்ணெய் பம்புகளும், கிராங்க்கின் பெரிய முனைப் பேரிங்குக்கு எண்ணெய் செல்லும் வழிகளும் அதில் அமைந்துள்ளன. கசிவை நிறுத்தும் ஆவலில் ஒட்டுப்பசையைத் தாராளமாகப் பூசினால், பிதுங்கிய பசை அத்துவாரங்களை அடைத்துவிடும். ஒரு சொட்டுக் கசிவை நிறுத்தப் போய் யந்திரத்தையே இழக்க நேரிடும். ஆகவே புதிய காகிதப் பேக்கிங்கின் துளைகள் யாவும் மூடியின் துளைகளோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து, பசையை மெல்லிய படலமாக மட்டும் தடவி, எண்ணெய்த் துவாரங்களைச் சுற்றி ஒரு நெல்லளவு இடம் விட்டுவிட வேண்டும்.

ஆணிகளை எல்லாம் முதலில் கையால் ஏற்றி, பின் எதிரெதிராக இரண்டு மூன்று சுற்றில் படிப்படியாக இறுக்குக. பசை உலரும் வரை எண்ணெய் ஊற்றலாகாது. யந்திரத்தைக் கிளப்பியபின், ராக்கருக்குச் செல்லும் எண்ணெய்க் குழாயின் ஆணியைச் சிறிது நெகிழ்த்தினால் எண்ணெய் வர வேண்டும். வராவிடில் உடனே நிறுத்துக. இச்சோதனை திரும்பி வரும் எண்ணெயையே காட்டுவதாதலால், துவாரங்களை மூடுமுன் பார்ப்பதற்கு இது ஈடாகாது.

இடப்புற மூடி

கிளட்ச் பக்கத்து மூடியை நடுவிலுள்ள ஒரே நட்டு தாங்குகிறது. ஓரத்து ரப்பர் வளையமே இங்குக் கசிவைத் தடுப்பது. நட்டை மேலும் மேலும் முறுக்கினால் மூடி வளைந்து கசிவு அதிகமாகுமேயன்றிக் குறையாது. ஊதியோ வெடித்தோ போன வளையத்தை மாற்றிப் புதியதை முறுக்கின்றிப் பதிக்க வேண்டும். வண்டியை நேராக நிறுத்தி, மட்ட ஆணித் துளையில் எண்ணெய் எட்டும் அளவுக்கே ஊற்ற வேண்டும்.

வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல் மூடிய பாத்திரத்தில் சேர்த்து, கழிவெண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிடுக. அறுவடைக் காலத்தில் வேலை மலிந்து கிடக்கையில் வண்டியைப் பிரிப்பதைக் காட்டிலும், ஓய்வுள்ள கோடை நாட்களில் இவ்வேலையை முடித்துக்கொள்வது சிக்கனமும் நன்மையும் பயக்கும்.