டேப்பட் சத்தம்: தேய்வது எந்தப் பக்கம்?

என்ஜினில் ‘டக் டக்’ என்று கேட்கிறது என்று வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர்கள் நிறைய பேர். முன்பு கேட்ட சத்தம் இப்போது கேட்கவில்லையே என்று கவலைப்பட்டு யாரும் வருவதில்லை. வால்வுகள் விஷயத்தில் அதிகம் பயப்பட வேண்டியது இந்த இரண்டாவது நிலைக்குத்தான்.

சென்னை திருவொற்றியூரில் தயாரான பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டை எடுத்துக்கொள்வோம். வால்வை இயக்கும் பாகங்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக, கண்ணால் பின்தொடரக்கூடிய வரிசையில் இருக்கின்றன. கீழே கேம். அதன் முட்டை வடிவப் புடைப்பு சுழன்று வந்து டேப்பட்டைத் தூக்குகிறது. டேப்பட்டின் மேல் நீளமான புஷ் ராடு. அது ராக்கரின் ஒரு முனையை மேலே தள்ள, மறுமுனை இறங்கி வால்வின் தண்டை அமுக்குகிறது. வால்வு திறக்கிறது. புடைப்பு நகர்ந்ததும் ஸ்பிரிங் வால்வை இழுத்து அதன் சீட்டில் அமர்த்துகிறது. பெரும்பாலான கார்களிலும் புதிய பைக்குகளிலும் கேம் ஹெட்டுக்கு மேலேயே ஏறிவிட்டதால் புஷ் ராடு காணாமல் போய்விட்டது. மற்றபடி வேலை அதேதான்.

கேம், கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். ஒரு மணி நேரத்துக்கு 90,000 முறை. உலோகத்தின்மேல் உலோகம் இத்தனை முறை மோதும் இடத்தில் தேய்மானம் இல்லாமல் இருக்காது. தேய்வது எது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதற்கு முதல் சாட்சி, வால்வு மூடியிருக்கும்போது ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே விடப்படும் இடைவெளி. பெரும்பாலான என்ஜின்களில் இது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று முதல் மூன்று, நான்கு பங்கு வரைதான். 0.1 மி.மீ. என்பது எழுதும் தாள் ஒன்றின் தடிமன். சூட்டில் வால்வுத் தண்டு நீளும்போது அதற்கு இடம் வேண்டும் என்பதற்காகவே இந்த இடைவெளி. பழைய புல்லட்டில் இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜ்கூடத் தேவையில்லை. சூட்டில் சிலிண்டரும் உயர்ந்து ராக்கரைத் தன்னோடு மேலே கொண்டுபோகிறது. அதனால் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, வலப்பக்கச் சிறு மூடியைக் கழற்றி, புஷ் ராடு மேலும் கீழும் ஆடாமல் விரலால் மட்டும் இலகுவாகச் சுழலும்படி வைத்தால் போதும்.

கேம், டேப்பட், ராக்கர், தண்டின் நுனி ஆகியவை தேய்ந்தால் இந்த இடைவெளி கூடும். வால்வின் முகமும் அது அமரும் சீட்டும் தேய்ந்தால் குறையும். வால்வு சீட்டுக்குள் ஆழமாக உட்கார உட்கார அதன் தண்டு ராக்கரை நோக்கி மேலே ஏறிவருகிறது. கூடினால் சத்தம், குறைந்தால் அமைதி. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், ஹெட்டைக் கழற்றாமலேயே தேய்மானம் எந்த முனையில் என்று பாதி சொல்லிவிடலாம். ஆனால் ஒரு முறை எடுக்கும் அளவு மட்டும் போதாது. ஒவ்வொரு சர்வீஸிலும் திருத்துவதற்கு முன்னால் இருந்த அளவைக் குறித்துவைக்க வேண்டும். நம் பட்டறைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். திருத்திய பிறகு இருக்கும் அளவு ஓர் என்ஜினில் எப்போதும் ஒன்றுதான். தேய்மானத்தின் கதையைச் சொல்வது திருத்தும் முன் இருந்த அளவு.

அமைதியான பக்கம் ஏன் ஆபத்து? எக்ஸாஸ்ட் வால்வு வேலை செய்வது 700 டிகிரி செல்சியஸையும் தாண்டும் சூட்டில். அந்தச் சூட்டில் பெரும்பங்கு, மூடியிருக்கும் நேரத்தில் சீட்டின் வழியாகத்தான் ஹெட்டுக்குள் இறங்குகிறது. இடைவெளி முழுவதும் அடைந்துபோனால் வால்வு முழுதாக மூடாது. சூடு இறங்க வழி இல்லை. போதாக்குறைக்கு, எரிகிற வாயு அந்த மெல்லிய சந்து வழியே பீறிட்டு விளிம்பை அரிக்கிறது. கடைசியில் விளிம்பில் ஒரு துண்டே கரைந்து போயிருக்கும். வண்டியை ஓட்டுபவருக்கு இதில் ஒன்றும் காதில் விழாது. காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், ஐடிலில் தடுமாறும், மேட்டில் இழுக்காது. அவ்வளவுதான் தெரியும்.

ஒரு காலத்தில் பெட்ரோலில் கலந்த ஈயம் சீட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, வால்வும் சீட்டும் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்வதைத் தடுத்துவந்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. மனிதர்களின் மூளைக்கும் நரம்புக்கும் கேடு செய்த பொருள் அது. போனது நல்லதே. அதற்கு ஈடாக என்ஜின்களில் கெட்டிப்படுத்திய சீட்டுகள் வந்தன. மென்மையான சீட்டு கொண்ட பழைய வண்டிகளுக்குத்தான் கஷ்டம். இன்று இந்தத் தேய்மானம் அடிக்கடி தென்படுவது காஸில் ஓடும் ஆட்டோக்களிலும் டாக்ஸிகளிலும். காஸ் உலர்ந்த எரிபொருள். பெட்ரோலைப் போலச் சீட்டை நனைத்துக் குளிரவைப்பதில்லை. காஸ் வண்டியில் சத்தம் வரவில்லையே என்று டேப்பட்டைப் பார்க்காமல் தள்ளிப்போடுவது எக்ஸாஸ்ட் வால்வைக் கருக்கும் வழி.

இனி, சத்தம் போடும் பக்கம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ராக்கர் மூடியின்மேல் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கும் பழக்கம் இன்றும் பயனுள்ளதே. டேப்பட் தட்டுவது கிராங்கின் பாதி வேகத்தில் என்பதால், ஐடிலில் தனித்தனியாக எண்ணும் அளவுக்கு விட்டுவிட்டுக் கேட்கும். ஆனால் ஏமாற்றும் சத்தங்களும் உண்டு. சைலன்சர் பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் கசிவு இருந்தால் அதே ‘டிக் டிக்’ வரும். இன்ஜெக்டர் கொண்ட கார்களில் இன்ஜெக்டரே அப்படித்தான் ஒலிக்கும். ஹைட்ராலிக் டேப்பட் கொண்ட என்ஜின், இரவு முழுக்க நின்ற பிறகு முதல் சில நொடிகள் தட்டிவிட்டு அடங்கினால் அது கோளாறு அல்ல. அடங்கவே இல்லை என்றால் முதலில் ஆயிலின் அளவையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

இடைவெளியை அளக்கும்போது இரண்டு தவறுகள் சகஜம். பிஸ்டன் மேலே வருவது நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு முறை. கம்ப்ரஷன் டாப்பில்தான் இரண்டு வால்வும் மூடியிருக்கும். இன்னொரு டாப்பில் எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறந்துகொண்டும் இருக்கும். அங்கே அளந்தால் எல்லாம் தப்பு. இரண்டாவது, ராக்கரின் முகத்தில் தேய்ந்து விழுந்த குழி. ஃபில்லர் கேஜின் தகடு அந்தக் குழியின் இரு கரைகளில் படுத்துக்கொள்ளும். அளவு சரியாக வரும். குழிக்குள் இருக்கும் உண்மையான இடைவெளி இன்னும் அதிகம். சரியாக டேப்பட் வைத்தும் சத்தம் போகவில்லை என்றால் ராக்கரைக் கழற்றி விரல் நகத்தால் அதன் முகத்தைத் தடவிப் பார்க்க வேண்டும்.

திருத்திக் கொடுத்த சத்தம் சில நூறு கிலோமீட்டரிலேயே திரும்பி வந்தால் சந்தேகம் கேமின்மேல் விழ வேண்டும். கேமின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய அடுக்குதான் கடினப்படுத்தியது. அது போய்விட்டால் உள்ளே இருக்கும் மென்மையான உலோகம் வேகமாகக் கரையும். புஷ் ராடின் தலையில் டயல் கேஜை வைத்து என்ஜினைக் கையால் சுற்றி, எவ்வளவு உயருகிறது என்று அளந்து தயாரிப்பாளர் தரும் அளவோடு ஒப்பிடலாம். பல சிலிண்டர் என்ஜினில் பக்கத்து சிலிண்டரே நல்ல அளவுகோல். கேம் தேயும்போது ஆயிலையும் கவனிக்க வேண்டும். டேப்பட்டும் கேமும் உரசும் பழைய என்ஜின்களைக் காப்பது ஆயிலில் உள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் புதிய கார் ஆயில்களில் அது குறைக்கப்பட்டிருக்கிறது. புதிய ஆயில், விலையும் கூட, ஆகவே நல்லது என்று பழைய வண்டியில் ஊற்றுவதை நான் ஏற்க மாட்டேன்.

வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடு தேய்ந்தால் சத்தத்தைவிடப் புகைதான் காட்டிக்கொடுக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்ஸிலரேட்டரை விட்டபடி இறங்கும்போது என்ஜினுக்குள் வெற்றிடம் பலமாகி, தேய்ந்த இன்லெட் கைடு வழியாக ஆயிலை உறிஞ்சும். அடிவாரத்தில் மறுபடி முறுக்கியதும் ஒரு கொத்து நீலப்புகை வரும். பிஸ்டன் ரிங் போயிருந்தால் பாரத்தில் இழுக்கும்போதெல்லாம் புகை வந்துகொண்டே இருக்கும்.

ஹெட்டை இறக்குவதற்கு முன் கடைசிச் சோதனை அழுத்தம். கம்ப்ரஷன் குறைவாக இருந்தால் பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். கூடினால் ரிங், கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வு. பிஸ்டனைக் கம்ப்ரஷன் டாப்பில் நிறுத்திப் பிளக் துளை வழியே காற்றை ஏற்றினால் இன்னும் தெளிவு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்லெட், பிரீதரில் சீறினால் ரிங்.

ஹெட் லேத் பட்டறைக்குப் போனால் வரிசை முக்கியம். முதலில் கைடு, பிறகுதான் சீட். சீட்டை வெட்டும் கருவி கைடின் துளையை மையமாகப் பிடித்துச் சுற்றுவதால், தேய்ந்த கைடை வைத்துக்கொண்டு வெட்டிய சீட் கோணலாகத்தான் வரும். ஆழமாக வெட்டிய சீட்டில் வால்வுத் தண்டு உயர்ந்து ஸ்பிரிங்கின் இறுக்கம் குறையும். ஸ்பிரிங்குக்கு அடியில் ஷிம் போட வேண்டும். எல்லாம் பூட்டியதும் ஹெட்டின் போர்ட்டில் பெட்ரோலை ஊற்றிச் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். வால்வின் விளிம்பில் ஈரம் கசிந்தால் ஹெட் மறுபடி லேத்துக்குப் போக வேண்டும்.