சமூக வலைத்தளங்களும் அவற்றின் புதுப் போக்குகளும்

பள்ளியில் உடன்பயின்றோரைத் தேடிக் காணவேண்டும் என்னும் விருப்பமே இன்று உலகை ஆட்டிவைக்கும் சமூக வலைத்தளங்களுக்கு வித்தாயிற்று என்பதைப் பலரும் நினைப்பதில்லை. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தோன்றிய 'கிளாஸ்மேற்ஸ்' என்னும் இணையத்தளம், தம்மோடு ஒரே பாடசாலையிற் கற்றவர் இப்பொழுது எங்கே இருக்கின்றனர் என்று அறிய விரும்பினோர்க்காகவே அமைக்கப்பட்டது. 2004 பெப்ரவரியில் ஹாவார்ட் பல்கலைக்கழக மாணவர் விடுதியிலே பிறந்த பேஸ்புக்கும் முதலில் அப்பல்கலைக்கழகத்தார்க்கு மாத்திரமே உரியதாயிருந்தது. 2006 செப்ரெம்பரிலேதான் பதின்மூன்று வயது நிரம்பிய எவரும் அதிற் சேரலாம் என்றாயிற்று. ஆதலின் பழைய மாணவர் மலரொன்றிலே இப்பொருளை எடுத்துக்கொள்வது பொருத்தமற்ற காரியமென்று எவரும் கொள்ளார்.

செய்தியைப் பரப்புந் தொழில் சுன்னாகத்தார்க்குப் புதியதன்று. சந்தைக்கு வந்து மீள்வோர் ஊர்தோறும் கொண்டுசென்ற செய்திகள் ஒருபுறமிருக்க, குரும்பசிட்டி நா. பொன்னையா அவர்கள் 1930இல் தொடக்கிய 'ஈழகேசரி' இவ்வூரிலிருந்தே வெளிவந்து, 1958 வரை ஈழத்துத் தமிழ் எழுத்துக்குக் களமாக விளங்கியது. அப்பத்திரிகையில் எது அச்சேறவேண்டும், எது முதற்பக்கத்தில் வரவேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் ஆசிரியபீடத்தில் இருந்தவர். அவர் பெயர் ஊருக்குத் தெரியும். பிழை நேர்ந்தால் நேரே சென்று கேட்கவும் முடியும். இன்று நம் கைத்தொலைபேசியில் முதலில் வருவது எது என்பதைத் தீர்மானிப்பது ஒரு கணக்கு. அக்கணக்கு எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறியாமல் இவ்வலைத்தளங்களின் புதிய அம்சங்களை விளங்கிக்கொள்ளுதல் இயலாது.

ஆரம்பத்திற் பேஸ்புக்கிலே ஒவ்வொருவர்க்கும் ஒரு பக்கம் இருந்தது. நண்பரொருவரின் செய்தியை அறியவேண்டின் அவர் பக்கத்துக்கு நாமே செல்லவேண்டும். 2006இல் நண்பர் யாவரின் செய்திகளையும் ஒன்றாகத் திரட்டி முன்வைக்கும் செய்தியோடை புகுத்தப்பட்டது. பாவனையாளர் பலர் அன்று அதனை வெறுத்துக் கண்டனக் குழுக்களைத் தொடக்கினர் என்பது இப்பொழுது வேடிக்கையாகத் தோன்றும். 2009இல் 'விருப்பம்' தெரிவிக்கும் பெருவிரற் குறி வந்தது. 2016இல் அன்பு, சிரிப்பு, வியப்பு, துயரம், சினம் ஆகியவற்றைக் காட்டும் குறிகளும் சேர்ந்தன. இவை வெறும் அலங்காரங்களல்ல. நாம் அழுத்தும் ஒவ்வொரு குறியும், எழுதும் ஒவ்வொரு மறுமொழியும், ஒரு படத்தின்மேல் நம் கண் தங்கிய நொடிகளும் கணக்கிலே ஏறுகின்றன. எதற்கு மிகுந்த எதிர்வினை கிட்டுமெனக் கணக்குக் கருதுகின்றதோ அதுவே மேலே வருகின்றது.

ஓர் உதாரணம் கூறுவோம். கல்லூரி நூலகத்துக்கு நூல்கள் வேண்டுமென்று ஒருவர் எழுதுகின்றார். பன்னிருவர் விருப்பக் குறியிட்டு அப்பாற் செல்கின்றனர். அன்றே வேறொருவர் சங்கத் தேர்தலைப் பற்றிக் குத்தலாக ஒரு வசனம் எழுதுகின்றார்; அதன் கீழ் நூற்றிருபது மறுமொழிகள் குவிகின்றன. மறுநாட் காலையில் ரொறன்ரோவில் இருக்கும் பழைய மாணவரின் திரையில் இவற்றுள் எது தோன்றும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கணக்குக்கு நூலும் தெரியாது, சண்டையும் தெரியாது. மறுமொழியின் தொகை மாத்திரமே தெரியும். 2018 ஜனவரியில் நண்பர்க்கிடையிலான கலந்துரையாடலுக்கு முதன்மை தருவதாகக் கூறிப் பேஸ்புக் தன் கணக்கை மாற்றியது. அம்மாற்றம் சினத்தைத் தூண்டும் பதிவுகளையே வளர்த்தது என்று அந்நிறுவனத்தின் உள் ஆய்வாளரே எச்சரித்திருந்தமை 2021இல் வெளியான ஆவணங்களாற் புலனாயிற்று.

இதன் அடுத்த படி ரிக்ரொக். பேஸ்புக்கிலே நண்பர் என்னும் தொடர்பாவது எஞ்சியிருந்தது. ரிக்ரொக்கிலோ அத்தொடர்பும் வேண்டியதில்லை. முன்பின் அறியாத ஒருவர் எடுத்த சிறு காணொளியை நாம் முழுதும் பார்த்தோமா, இடையிலே தள்ளிவிட்டோமா என்பதைக் கொண்டே அடுத்ததைத் தெரிவுசெய்கின்றது அது. 2020 யூனில் இந்தியா அதனைத் தடைசெய்தது. அதே ஆண்டு ஓகஸ்றில் இன்ஸ்ரகிராம் 'றீல்ஸ்' என்ற பெயரால் அம்முறையைத் தனதாக்கிக்கொண்டது. யூரியூப்பும் பேஸ்புக்கும் பின்தொடர்ந்தன. ஆகவே சமூக வலைத்தளம் என்னும் பெயர் நிலைத்திருப்பினும், 'சமூகம்' அதிலிருந்து மெல்ல விலகி வருகின்றது. அறிந்தோரைச் சேர்க்கவந்த கருவி, அறியாதோரைக் காட்டும் தொலைக்காட்சியாயிற்று.

அறிந்தோர் எங்கே சென்றனர்? வட்ஸ்அப்புக்கும் வைபருக்கும் சென்றனர். எம்மவர்க்கு இதுவே முக்கியமான போக்காகும். ஒவ்வொரு வகுப்பினர்க்கும் ஒரு குழு, சங்கத்துக்கு ஒரு குழு, செயற்குழுவுக்கு வேறொரு குழு, அதிலே மனம்வேறுபட்டோர்க்கு இன்னொரு குழு! 256 பேர்க்குமேல் இடமில்லாதிருந்த வட்ஸ்அப் குழுவிலே 2022 முதல் 1024 பேர் சேரலாம். அவ்வாண்டே பல குழுக்களை ஒரு கூரையின் கீழ்க் கொண்டுவரும் 'சமூகம்' என்னும் அமைப்பும் வந்தது. யூன் மாதத்தில் ஒருநாள், சுன்னாகத்திலே காலை ஐந்து மணிக்கு ஆசிரியரொருவர் காலமானார் எனக் கொள்வோம். அப்பொழுது ரொறன்ரோவில் முதல்நாள் மாலை ஏழரை; மெல்பேணிற் காலை ஒன்பதரை. விடியுமுன்னே மூன்று கண்டத்தாரும் அறிந்துவிடுகின்றனர். கிரியைகளை நேரலையிற் காண்கின்றனர். நல்லூர்க் கந்தன் தேரையும் அவ்வாறே தரிசிக்கின்றனர். மின்சாரமற்ற தொண்ணூறுகளிலே துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு இதன் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எனினும் இக்குழுக்களுக்கு ஆசிரியபீடம் இல்லை. 2016 முதல் வட்ஸ்அப் செய்திகள் யாவும், அனுப்புவோரும் பெறுவோரும் அன்றி வேறெவரும் படிக்கமுடியாவாறு மறைகுறியாக்கம் செய்யப்படுகின்றன. அந்தரங்கத்துக்கு அது பேருதவி. பொய்க்கும் அதுவே போர்வை. இந்தியாவிற் பிள்ளைபிடிகாரர் வந்துள்ளனர் என்ற வதந்தியால் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பின்னர், 2018 யூலையில் ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு அந்நாட்டில் வரையறை விதிக்கப்பட்டது; 2019இல் அது உலகுக்கெல்லாம் பொதுவாயிற்று. 2020 ஏப்ரில் முதல், பலகாற் கைமாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓரிடத்துக்கே அனுப்பலாம். அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 வீதம் குறைந்ததாக நிறுவனமே கூறியது. செய்தியின் தலையிலே இரட்டை அம்புக்குறி காணப்படின் அது பலர் கைபட்டு வந்தது என்பது பொருள். அக்குறியை எத்தனை பேர் கவனிக்கின்றனர் என்பது வேறு விடயம்.

எம் நாட்டிலே இதன் விலை உயிராகவே கொடுக்கப்பட்டது. 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையிலுள்ள முஸ்லிம் உணவகமொன்றில் மலடாக்கும் மாத்திரை உணவிற் கலக்கப்படுகின்றது என்றொரு கதை பரவிற்று. கலந்திருந்தது மாக்கட்டியே என அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அவ்வறிவிப்பு வருமுன்னரே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. மார்ச் தொடக்கத்திலே கண்டி மாவட்டத்துத் திகனையிலும் தெல்தெனியாவிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்களும் பலியாயின. மார்ச் 7ஆந் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கிற்று. ஒரு வாரத்தின் பின்னரே அத்தடை நீங்கியது. சிங்களத்திலே எழுதப்பட்ட வெறுப்புரைகளை இனங்காண அம்மொழி அறிந்தோர் போதிய அளவில் இருக்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு ஆளான பேஸ்புக், 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. 2019 ஏப்ரிலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 ஏப்ரிலில் மக்கள் போராட்டத்தின் போதும் மீண்டும் தடைகள் வந்தன. பின்னையது ஒருநாளுக்குள்ளேயே விலக்கப்பட்டது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. வதந்தியை அடக்குமோ வாயை அடக்குமோ என்று அதனைப் பற்றிப் பலரும் ஐயுறுகின்றனர். அவ்வையம் ஆதாரமற்றதென்று நாம் கருதவில்லை.

வெறுப்புரையைப் பொறி கண்டுபிடிப்பதிலே தமிழர்க்கும் ஒரு தனித் தொல்லை உண்டு. பாமினி முதலிய எழுத்துருக்களின் காலத்தில், ஒருவர் தட்டெழுதியது அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் படிக்கமுடியாத குறிகளாகவே தெரிந்தது. ஒருங்குறி வந்து அக்குறை தீர்ந்தது. தீர்ந்தபின்பும் எம் இளைஞர் ஆங்கில எழுத்திலே தமிழை எழுதுகின்றனர். ஒரே சொல்லை நால்வர் நான்கு விதமாக எழுதுவர். படிக்கும் மனிதனே தடுமாறும்போது பொறி என்செய்யும்?

செயற்கை நுண்ணறிவின் வருகை இந்நிலையை மேலும் மாற்றியுள்ளது. ஒருவர் பேசிய சில நொடி ஒலிப்பதிவு கிடைத்தால் அவர் குரலிலேயே அவர் சொல்லாததைச் சொல்விக்கலாம். குழுவொன்றிலே பழைய நண்பரின் பெயரும் படமும் தாங்கி அவசரப் பணங்கேட்டு ஒரு செய்தியோ குரலோ வருமாயின், அவருடைய பழைய இலக்கத்துக்கு நாமே அழைத்துப் பேசியபின் அன்றி ஒரு சதமும் அனுப்பலாகாது. இஃது எமது சங்கங்களின் நிதி சேகரிப்புக்கும் பொருந்தும். மறுபுறத்தே, மெற்றா நிறுவனம் செய்திகளைச் சரிபார்க்கும் வெளி அமைப்புகளை அமெரிக்காவிற் கைவிடுவதாக 2025 ஜனவரியில் அறிவித்து, பாவனையாளரே குறிப்பெழுதும் முறைக்கு மாறியது. அவுஸ்திரேலியாவிலோ பதினாறு வயதுக்குட்பட்டோர் இத்தளங்களிற் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்கும் சட்டம் 2025 டிசெம்பர் 10 முதல் நடைமுறையாகியுள்ளது. சிட்னியிலும் மெல்பேணிலும் வாழும் எம்மவர் வீடுகளில் இது எவ்வளவு வாக்குவாதத்தை எழுப்பும் என்பதை ஊகிக்கலாம்.

இனி, மறதி என்னும் அம்சம். படமோ காணொளியோ இருபத்துநான்கு மணிநேரத்தில் மறைந்துபோகும் 'ஸ்ரோரி' முறையை 2013இல் ஸ்னப்சற் தொடக்க, இன்ஸ்ரகிராம் 2016இல் எடுத்தாண்டது. வேண்டுமென்று மறைவது இது. வேண்டாமலே மறைந்தவை மிகப்பல. ஓர்க்குற் 2014இல் மூடப்பட்டது. கூகிள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. உலகெங்கும் பழைய மாணவர் பலர் மடல்பரிமாறிய யாகூ குழுக்கள் 2020 டிசெம்பரில் முற்றாக ஒழிந்தன. அங்கே கிடந்த கடிதங்களும் அவற்றோடு போயின. 1930களின் ஈழகேசரி இதழ்களை 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலே இன்று எவரும் படிக்கலாம். பத்தாண்டுக்கு முன் வகுப்புத் தோழர் பேஸ்புக்கில் இட்ட படத்தைத் தேடி எடுப்பது அதனினும் கடினமாயிருக்கின்றது.

இதற்கு வழி இல்லாமலில்லை. வட்ஸ்அப்பிலே ஒரு குழுவின் உரையாடலை வெளியே எடுத்துச் சேமிக்கும் வசதி உண்டு. பேஸ்புக்கிலும் நாம் இட்டவற்றை ஒருங்கே பதிவிறக்கலாம். ஒவ்வொரு வகுப்பினரும் ஒருவரைப் பொறுப்பாக்கி, ஆண்டுக்கொருமுறை இதனைச் செய்து, தெரிந்தெடுத்த படங்களைக் கல்லூரி நூலகத்துக்குக் கையளித்தல் பெருஞ் செலவான காரியமன்று. படம் எடுத்த ஆண்டையும், நிற்பவர் பெயர்களை இடமிருந்து வலமாகவும் எழுதிச் சேர்த்து அனுப்புவோரால் நூலகத்தாரின் வேலை பாதி குறையும்.