பழைய பாட்டுப்பெட்டியைப் பாட வைப்போம்



நம் தோட்டத்து வீடுகள் சிலவற்றில் அலமாரிக்கு மேலேயோ கட்டிலுக்கு அடியிலேயோ கோணிப்பையால் மூடிய பெட்டி ஒன்று இருக்கும். திறந்தால் ஒரு வட்டத் தட்டு, அதன் ஓரத்தில் வளைந்த ஒரு கை. "தாத்தா வாங்கிய இசைத்தட்டுப் பெட்டி சார், இப்போது ஓடாது" என்பார்கள். பழைய சாமான் வாங்குகிறவர் வந்தால் சில வெள்ளிக்கு அது லாரி ஏறிவிடும். கூடவே இசைத்தட்டுகளும் போய்விடும்.

இப்படி ஓடாத பெட்டிகள் சிலவற்றை நாம் பள்ளி விடுமுறைகளில் திறந்து பார்த்திருக்கிறோம். அவற்றில் பல கெட்டுப்போனவை அல்ல. உள்ளே போட்ட கிரீஸ் இறுகிப்போனவை. நம் கேமரன் மலைத் தோட்டங்கள் கடல் மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டரைத் தாண்டி இருக்கின்றன. குளிரும் ஈரமும் குறைவில்லை. இருபது முப்பது ஆண்டு சும்மா கிடந்த கிரீஸ், இங்கே மெழுகு போலக் கெட்டியாகி மோட்டாரைப் பிடித்துக்கொள்கிறது. சிலர் சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து ஊற்றுகிறார்கள். அது ஏறக்குறைய 24 பாகை வெப்பத்திற்குக் கீழே உறைந்துவிடும். விடியற்காலையில் நம் வீட்டுப் போத்தலில் அது உறைந்து நிற்பதை நாம் பார்ப்பதில்லையா? மோட்டாருக்குள்ளும் அப்படித்தான் நிற்கும்.

வேலையைத் தொடங்குமுன் மின்சாரக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கம்பியின் மேலுறை வெடித்திருந்தால் புதுக்கம்பி மாற்றும் வரை பெட்டியை ஓட்டவே கூடாது. கண்ணாடி வால்வு உள்ள பெட்டியானால் அந்தப் பகுதியில் நாம் கை வைக்க வேண்டாம். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள மின்தேக்கிகள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சில மலிவுப் பெட்டிகளில் உலோக அடித்தட்டே நேராக மின்கம்பியோடு சேர்ந்திருக்கும். அது தொழில் தெரிந்தவர் பார்க்க வேண்டிய வேலை. தட்டைச் சுழற்றும் பகுதியைத்தான் வீட்டில் நாம் சரிசெய்யப் போகிறோம்.

கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். சுழல்தட்டின் நடுவில் சிறு வளையம் போன்ற ஒரு பிடிப்பு இருந்தால் அதை மெல்ல நெம்பி எடுத்துவிட்டு, தட்டை இரு கையாலும் நேராகத் தூக்க வேண்டும். அடியில் சிறு இரும்புக் குண்டுகள் இருக்கக்கூடும். அவை உருண்டோடினால் கண்டுபிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வெள்ளைத் துணி அதற்காகத்தான்.

தட்டை எடுத்ததும் ஒரு ரப்பர்ச் சக்கரம் தெரியும். காரார்ட், பி.எஸ்.ஆர். போன்ற இங்கிலாந்துத் தயாரிப்புகள் பலவற்றில் இந்த அமைப்புத்தான். மோட்டாரின் தண்டு படிப்படியாகப் பருமன் மாறி இருக்கும். ரப்பர்ச் சக்கரம் ஒரு பக்கம் அந்தத் தண்டையும் மறு பக்கம் சுழல்தட்டின் உள்விளிம்பையும் தொடும். சக்கரம் எந்தப் படியைத் தொடுகிறதோ, அதற்கேற்ப வேகம் மாறும். பழைய கிரீஸைத் துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து எடுங்கள். மோட்டார் தண்டின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் தையல் இயந்திர எண்ணெய் இரண்டிரண்டு சொட்டு விட்டு, விரலால் சுற்றிக்கொண்டே இருங்கள். முதலில் முரண்டு பிடிக்கும். பிறகு தளர்ந்து கொடுக்கும். சக்கரத்தின் அச்சுக்கு ஒரு சொட்டுப் போதும். ரப்பரின் மேலோ தண்டின் வெளிப்புறத்திலோ எண்ணெய் பட்டால் தட்டு வழுக்கும், பாட்டு இழுபடும். ரப்பர் பளபளத்து இறுகியிருந்தால் நைஸான மணல்தாளால் லேசாகத் தேய்க்கலாம். ஒரே இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் சக்கரத்தை மாற்றியே ஆக வேண்டும்.

இனி வேகம். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சுழல்தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் எண்ணுங்கள். 33 1/3 வேகமானால் சரியாக 100 சுற்று, 45 வேகமானால் 135, 78 வேகமானால் 234. நம் மாணவர்கள் இந்தக் கணக்கைப் போட்டி போட்டுக்கொண்டு எண்ணினார்கள். வகுப்பில் வகுத்தல் கணக்கில் அந்த ஆர்வத்தைக் கண்டதில்லை!

அடுத்தது ஊசி. 78 வேகத் தட்டின் வரிப்பள்ளம் அகலமானது. அதற்கான ஊசிமுனை ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு செய்தால் ஏறக்குறைய மூன்று கூறு. 1948-இல் வந்த நெடுநேரத் தட்டுக்கோ ஒரு கூறுதான். சில பெட்டிகளில் சிறு நெம்பைத் திருப்பினால் ஊசி மாறும். மாற்றிப் போட்டால் நெடுநேரத் தட்டின் பள்ளம் அறுபட்டுவிடும். சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனில் நெடுநேரத் தட்டை ஒரு தடவைகூட வைக்காதீர்கள். அதன் கனத்த தலையும் இரும்பு ஊசியும் முதல் ஓட்டத்திலேயே தட்டைச் சுரண்டிவிடும். இரும்பு ஊசியை 78 தட்டின் ஒரு பக்கத்திற்கு ஒன்றாக மாற்ற வேண்டும். அந்தக் கிராமபோனின் வில் சுருள் இருக்கும் உருளையையும் திறக்க வேண்டாம். சுருள் தெறித்தால் கையைக் கிழித்துவிடும்.

பழைய மின்சாரப் பெட்டிகள் பலவற்றில் ஊசியின் பாரம் நான்கு முதல் ஆறு கிராம் வரை இருக்கும். ஒரு பென்சிலின் மேல் அடிக்கோலைத் தராசு போல வைத்து, ஒரு முனையில் 2012-இல் வந்த புது 20 காசு நாணயத்தையும், நடுவிலிருந்து அதே தூரத்தில் மறு முனையில் ஊசியையும் வையுங்கள். அந்த நாணயம் நான்கு கிராமுக்குச் சற்றே கூடுதல். நாணயப் பக்கம் மேலே எழுந்தால் ஊசி அதைவிடப் பாரம் என்று அறியலாம்.

இனி, நாம் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். முதல் பெட்டியைச் சரிசெய்த அன்று, கையில் ஸ்பிரிட் துணி இருந்தது. பக்கத்து லயத்துப் பாட்டி கொண்டுவந்த 78 தட்டு ஒன்றில் பூஞ்சணம் பூத்திருந்தது. அதே துணியால் துடைத்தோம். துணி கறுத்தது. தட்டின் மினுமினுப்புப் போயிற்று. ஊசியை வைத்தோம், மழை இரைச்சல் போன்ற ஓசைதான் வந்தது. அது பாட்டியின் கணவர் வாங்கியது. வேறு பிரதி அவரிடம் இல்லை. "பரவாயில்லை ஐயா" என்றார். நமக்குத்தான் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. பழைய 78 தட்டுகளில் பெரும்பாலானவை அரக்கும் கல்தூளும் கலந்து செய்தவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரங்களில் வாழும் சிறு பூச்சி தரும் அரக்கு அது. கிழக்கு இந்தியாவின் சோட்டா நாகபுரிக் காடுகளில் நிறையக் கிடைப்பது. கல்கத்தாவில் 1902-இல் கௌஹர் ஜான் பாடிப் பதிவான பாடல்கள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில்தான் தட்டுகளாக அச்சாயின. 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவிலேயே தொழிற்சாலை வந்தது. பிறகு டம்டம் வந்தது. உங்கள் வீட்டுத் தட்டின் நடுக் காகிதத்தில் டம்டம் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆகவே அரக்குத் தட்டைத் தண்ணீரால்தான் துடைக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒரு துளி கலந்து, மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, பள்ளம் ஓடும் வழியிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுக் காகிதம் நனையக் கூடாது. வெறும் நீர்த்துணியால் மறுபடி துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். எந்தத் தட்டு எதனால் ஆனது என்று தெரியாவிட்டாலும் இந்த முறையே போதும். வினைல் தட்டுக்கும் இது கெடுதல் செய்யாது.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். அடுப்புச் சூடும் வேண்டாம், சிமெண்டுச் சுவரின் ஈரமும் வேண்டாம். பாட்டு முடிந்ததும் குமிழை நிறுத்தத்திற்குத் திருப்பிவிட்டால் ரப்பர்ச் சக்கரம் தண்டிலிருந்து விலகி நிற்கும், பள்ளம் விழாது. வாரம் ஒரு முறையாவது சிறிது நேரம் ஓட விடுங்கள்.

பாட்டியிடம் இன்னும் நான்கு தட்டுகள் மீதமிருந்தன. அவற்றை நீரால் துடைத்து, அவர் வீட்டுத் திண்ணையிலேயே ஓட்டிக் காட்டினோம். மூன்று தெளிவாகப் பாடின. நான்காவதில் ஓரிடத்தில் ஊசி தாவுகிறது.